யார் முதலில் படகேறினார்கள்?

டைட்டானிக் மூழ்கி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1912 ஏப்ரல் 15 விடியுமுன் வட அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேரைக் கொண்டுபோன கப்பல்கள் உண்டு. 1987இல் பிலிப்பைன்ஸில் டோன்யா பாஸ் கப்பலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாகர்கோவிலில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்டவர் யாருமில்லை. ஜாக், ரோஸ் என்றால் மட்டும் எல்லா முகமும் மலரும்.

ஜேம்ஸ் கேமரூன் 1997இல் எடுத்த படம் இதற்கு ஒரு காரணம். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே கதை தயாராக இருந்தது. ‘பெண்களும் குழந்தைகளும் முதலில்’ என்ற மூன்று சொற்கள்தாம் அதன் உயிர். ஆண்கள் விலகி நின்று, பெண்களைப் படகேற்றிவிட்டு, அமைதியாகச் செத்தார்கள் என்கிற கதை. நம்மையும் அழவைப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்கு இப்படி: முதல் வகுப்பில் 144 பெண்கள், தப்பியவர்கள் 140. மூன்றாம் வகுப்பில் 165 பெண்கள், தப்பியவர்கள் 76. அதே வகுப்பில் 79 குழந்தைகளில் பிழைத்தது 27. ஆண்கள் விலகி நின்றது பொய்யல்ல. இரண்டாம் வகுப்பு ஆண்களில் நூற்றுக்கு எட்டுப்பேர்தான் மீண்டார்கள். ஆனால் படகுகள் இருந்தது மேல்தளத்தில். அங்கே வந்துசேர முடிந்தவள்தான் அன்றைக்குப் ‘பெண்’.

சரி, இது கடலின் பொது வழக்கமா? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிண்டர், எரிக்ஸன் என்ற இரு பொருளியலாளர்கள் 18 கப்பல் விபத்துகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெண்கள் பிழைத்த விகிதம் ஆண்களுடையதில் ஏறக்குறைய பாதி. கப்பல் பணியாளர்கள் பயணிகளைவிட அதிகம் தப்பியிருக்கிறார்கள். அதாவது டைட்டானிக் ஒரு விதிவிலக்கு. அந்த விலக்கைத்தான் விதி என்று நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூன் 14இல் கிரேக்கக் கடலில் அகதிகளின் படகொன்று கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பிழைத்த 104 பேரில் ஒரு பெண்கூட இல்லை. நாலு நாள் கழித்து, டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்கப்போன ஐந்துபேரின் நீர்மூழ்கி காணாமல் போனது. உலகம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும்.

இந்தக் கதைக்கு அன்றே ஒரு வேலை இருந்தது. பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவில் நின்ற காலம் அது. ஓட்டு வேண்டுமா, படகு வேண்டுமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். சமத்துவம் கேட்டால் பாதுகாப்புக் கிடையாது என்ற இந்த மிரட்டலை, பஸ்ஸில் பெண்களுக்கான இருக்கையைப் பற்றிப் பேசும்போது நாமும் கேட்டிருக்கிறோம்.

கேமரூனின் ரோஸ் எனக்குப் பிடித்தவள்தான். கயிறு இறுக்கிய உள்ளாடையிலிருந்தும் பணக்கார மாப்பிள்ளையிடமிருந்தும் அவள் தப்புகிறாள். ஆனால் அவளுக்கு விடுதலையை எடுத்துக்கொடுக்க ஒருவன் வரவேண்டியிருக்கிறது. பிறகு அவன் சாகவேண்டியிருக்கிறது. உயிரோடிருந்தால் அவனும் ஒரு கணவன்தானே! அதே கப்பலில் ஆனி ஃபங்க் என்ற பெண் இருந்தார். தனியாக இந்தியா வந்து, இன்றைய சத்தீஸ்கரிலுள்ள ஜாஞ்ச்கீரில் 1908இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய மிஷனரி. நோயுற்ற தாயைப் பார்க்கப் போனவர், நிலக்கரி வேலைநிறுத்தத்தால் கப்பல் மாறி இதில் ஏறினார். 38 வயதில் இறந்தார். அவர் கதைக்குக் காதலன் தேவைப்படவில்லை.

1956 நவம்பர் 1 வரை மலையாள ராஜ்யத்தோடு இருந்த எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு இன்னொரு கடல் கதையும் தெரியும். தகழியின் ‘செம்மீன்’, 1965இல் படமாகவும் வந்தது. கரையில் பெண் கற்போடிருந்தால் கடலுக்குப் போன ஆண் திரும்பிவருவான் என்பது அதன் நம்பிக்கை. கறுத்தம்மா பழைய காதலனைச் சந்திக்கும் இரவில், சுறாவின் பின்னே போன பழனியைக் கடல் கொண்டுபோகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்லாண்டிக்கில் ஆண் செத்தால் அது அவன் பெருந்தன்மை. அரபிக்கடலில் ஆண் செத்தால் அது அவள் நடத்தை. பனிப்பாறையும் புயலும் இரண்டு கதையிலும் தப்பித்துக்கொள்கின்றன. எச்சரிக்கையை மதிக்காமல் கப்பலை ஓட்டியவர்களும், 2,200 பேருக்கு 1,178 பேர் கொள்ளும் படகுகளே போதும் என்று இருந்த சட்டமும்கூட.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு என்னால் ‘செம்மீன்’ பார்க்க முடிவதில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆண்கள் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது அது அவர்களை எட்டவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை மறித்து உட்கார்ந்த கூட்டத்தில் எத்தனை பெண்கள்! கற்பைக் காத்துக்கொண்டு கரையில் நின்றவர்கள் அல்ல அவர்கள். கப்பலை அனுப்பு, விமானத்தை அனுப்பு, தேடு என்று அரசைக் கேட்டவர்கள்.

வகுப்பில் ஜாக் மூழ்கும் காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மேற்குக் கடற்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சொன்னாள்: “அவன் முங்குனத ரோஸ் கண்ணால பாத்தாளே மிஸ்.” வேறெதுவும் சொல்லவில்லை.

உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கருதப்பட, நமது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி ஏழாண்டு தகவலின்றி இருக்கவேண்டும். ஒக்கிக்குப் பிறகு அரசு அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. ஆனால் அந்தப் பணத்துக்குப் போகிற பெண், என் வீட்டுக்காரர் இனி வரமாட்டார் என்று தன் கையால் எழுதித்தர வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால், தேடுங்கள் என்று மறுபடி யாரிடம் போய்க் கேட்பாள்? எழுதாவிட்டால் படகுக் கடனுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்துக்கும் யாரிடம் போவாள்? அந்தக் கரைகளில் அன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தத் தாள் மேசைமேல் கிடந்தது.