மெய்ப்பாடும் பொறிமுகமும்

சுவாமி விபுலானந்தரின் மதங்க சூளாமணி 1926 இல் வெளிவந்தது. நாடகத்தின் இயல்பை ஆராயும் அந்நூலில் செகசிற்பியாரின் நாடகங்களும் வடமொழித் தசரூபகமும் ஒருங்கே இடம்பெற்றன. உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படும். புலப்பட்டதைக் கண்டோர் உணர்வர் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொட்டு நாடகக் கொள்கைக்கு அடிப்படையாக இருந்து வருவது. ஓட்டிசம் எனப்படும் நிலையுள்ள குழந்தைகள் இவ்வடிப்படையையே வினாவுக்கு உள்ளாக்குகின்றனர். அவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்பதன்று. பிறர் எதிர்பார்க்கும் குறிகளில் அது வெளிப்படுவதில்லை. பிறரது முகக்குறிகளும் அவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. ஆதலின் இக்குழந்தைகளுக்குத் துணையாகப் புகுத்தப்படும் சமூக றோபோக்களை மருத்துவரும் பொறியியலாரும் மட்டுமன்றி நாடகம் பயில்வோரும் மதிப்பிடுதல் வேண்டும். விபுலானந்தரின் சமாதி அமைந்ததும், அவர் பெயரால் வழங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குவதுமான கல்லடிக்கு அம்மதிப்பீட்டில் தனியுரிமை உண்டு.

இங்கிலாந்தின் ஹேட்ஃபட்சயர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் வளர்த்தெடுக்கப்பட்ட கஸ்பார் என்னும் றோபோ சிறு குழந்தையின் அளவினது. அதன் முகம் வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டது. மனித முகத்தில் நொடிப்பொழுதில் தோன்றி மறையும் நுண்ணசைவுகள் அதிலில்லை. சில குறிகளே மாறாது மீள நிகழும். பெரியவர் ஒருவர் அருகிலிருந்து அதனை இயக்குதலும் உண்டு. பொம்மலாட்டத்தின் புதுவடிவம் என இதனைக் கூறின் தவறாகாது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரசனின் வரவை ஆட்டமும் தாளக்கட்டும் உடையுமே அறிவிக்கின்றன; முகத்தின் நுண்ணசைவை எதிர்பார்த்துக் களரியைச் சூழ்ந்தோர் காத்திருப்பதில்லை. சிலவற்றைக் குறைத்தும் சிலவற்றை மிகுத்தும் மீள நிகழ்த்தியும் பொருளுணர்த்தும் இம்முறையையே பொறியியலார் மீளக் கண்டுள்ளனர். அவர்கள் கொள்ளும் பெருமிதம் சற்று மிகையே.

எனினும் பயன் இல்லையெனத் தள்ளுதலும் பொருந்தாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாத காலம் றோபோ ஒன்று வைக்கப்பட்டது. நாள்தோறும் அரைமணி நேரம், பெற்றோர் அல்லது காப்பாளர் உடனிருக்க, விளையாட்டு நடைபெற்றது. பெரியோருடன் ஒரே பொருளிற் கவனஞ் செலுத்தும் ஆற்றல், றோபோ இல்லாதவிடத்தும் குழந்தைகளிடம் மேம்பட்டது. பன்னிருவரைக் கொண்டு முடிந்த முடிபு கூறல் இயலாது. ஆனால் அளவுகோல் செம்மையானது. குழந்தை பொறியை நோக்கிச் சிரித்ததா என்பதோடு நின்றுவிடும் வியப்புரைகள் பல. பொறி அகன்றபின் தாயை நாடியதா என்பதே கேட்கத்தக்கது.

இலங்கையின் நகர்ப்புறஞ் சார்ந்த பகுதியொன்றில் ஈராண்டுக்குட்பட்ட குழந்தைகளிடை நிகழ்ந்து 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டெனக் கணித்தது. எனவே இது அயல்நாட்டு வினா அன்று. ஆனால் பொறி எம்மொழியிற் பேசும்? இக்குழந்தைகளுட் பலர் கேட்ட தொடரைக் கேட்டவாறே திருப்பிக் கூறுவர். தாய் ‘மனே’ என அழைத்து ‘மறுகா’ என்று பேச்சைத் தொடரும் வீட்டில், பொறி புகட்டிய ஏட்டுத் தமிழையோ ஆங்கிலத்தையோ ஒப்புவிக்கும் குழந்தை மேலும் தனிமைப்படுதல் கூடும்.

இதனினும் ஆழமான குறையொன்று உண்டு. பெரும்பாலான றோபோப் பயிற்சிகள் குழந்தையே மாறவேண்டும் எனக் கொள்கின்றன. தாமும் ஓட்டிசம் உடையவரான டேமியன் மில்ற்றன் 2012 இல் எடுத்துரைத்த இரட்டைப் பரிவுச் சிக்கல் என்னும் கருத்து இதனை மறுக்கிறது: விளங்காமை இருபாலும் உள்ளது, ஏனையோரும் இவர்களை விளங்கிக்கொள்வதில்லை. அவ்வாறாயின் பொறியிடம் முதலிற் கற்கவேண்டியவர் பெரியவரே. பத்தாம் முறை கேட்கப்பட்ட வினாவுக்கும் அது முகஞ்சுளிப்பதில்லை. விடை வருமளவும் பொறுத்திருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் ஒரே தாளக்கட்டைக் கால் தவறாது விழுமளவும் சொல்லிக்கொண்டேயிருப்பார். முகத்தை மறைத்து, அசைவைச் சுருக்கி, ஒரே செயலை இருபது முறை ஒரே வகையாய் நிகழ்த்தப் பயின்ற நாடக மாணவர் ஒருவர், கஸ்பார் செய்வதில் எவ்வளவைச் செய்ய வல்லவர் என்பது கல்லடியிற் சோதித்து அறியத்தக்கது.