அடுக்களை மணமும் அத்தர் மணமும்

இன்ன உணவுக்கு இன்ன வாசனைத் திரவியம் பொருந்தும் என்று பட்டியலிட்டுக் காட்டும் எழுத்து அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. இனிப்புப் பண்டத்துடன் வெனிலா மணம், பட்டை கிராம்பு இட்ட சோற்றுடன் அகிற்கட்டை மணம், எலுமிச்சை பிழிந்த மீனுடன் நாரத்தை மணம் என்று அப்பட்டியல்கள் நீளுகின்றன. படிக்கச் சுவையாகவே இருக்கின்றன. ஆயினும் உணவையும் நறுமணத்தையும் ஒருங்கே போற்றிய நீண்ட மரபுக்கு உரியவர்களாகிய நாம், இவ்வெழுத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? சென்னை அசோக் நகர் போன்ற பகுதிகளில் அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

இப்பட்டியல்களின் அடிப்படை, ஒத்த மணம் ஒத்த மணத்தோடு சேரும் என்பதாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் பெண்மக்கள் நெய்ச்சோற்றில் ரம்பை இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள். பாசுமதி அரிசியின் நறுமணத்துக்குக் காரணமான அதே வேதிப்பொருள் ரம்பை இலையிலும் இருப்பதை 1980-களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆய்வுக்கூடம் பின்னர்ச் சொன்னதை அடுக்களை முன்பே அறிந்திருந்தது! ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். இந்தப் பொருத்தம் நிகழுமிடம் பானையே தவிர, உடுத்திய ஆடையன்று.

இவ்வேறுபாடு சிறியதன்று. உணவின் மணம் இரு வழிகளில் நம்மை அடைகிறது. மூக்கின் முன்வழியாக நுழைவது ஒன்று. மெல்லும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுவது மற்றொன்று. நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வழியில் வருவதே. சளி பிடித்தவருக்குப் பிரியாணியும் சப்பென்று இருப்பது இதனால்தான். எனவே, ஆடையில் தெளித்த கடுமணம் காற்றை நிறைத்திருக்கும் அறையில் உண்பவர், உணவின் மணத்தில் பாதியை இழந்துவிடுகிறார். மேலும், இடைவிடாது வீசும் மணத்துக்கு மூக்கு விரைவில் பழகி உணர்விழந்துவிடும். பூசிக்கொண்டவருக்குத் தம் மணம் தெரிவதில்லை. பக்கத்தில் உண்பவருக்கோ தெரிந்துகொண்டேயிருக்கிறது. இந்த எளிய உண்மையைப் பொருத்தப் பட்டியல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, முன்னோர் இதனை எங்ஙனம் கையாண்டனர் என்று இரு நூல்களைக் கொண்டு காண்போம். 13-ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் தோன்றிய ‘கிதாபுல் வுஸ்லா இலல் ஹபீப்’ 600-க்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்ட சமையல் நூல். அதன் அமைப்பே ஒரு பாடம். நறுமணப் பொருள்களிலும் புகைப்பொருள்களிலும் அது தொடங்குகிறது; பிறகு பானங்கள், இறைச்சி வகைகள், இனிப்புகள், ஊறுகாய்கள் என்று சென்று, கை கழுவும் மணப்பொருள்களிலும் வடித்தெடுத்த மணநீர்களிலும் முடிவடைகிறது. பன்னீரும் கஸ்தூரியும் சில பண்டங்களுக்குள்ளேயும் இடம் பெறுகின்றன என்பது மெய்யே. எனினும் நூலாசிரியர் மனத்தில் ஒரு விருந்தின் வரிசை தெளிவாக இருக்கிறது. மணம் வரவேற்கிறது, உணவு நடுவில் அமர்கிறது, மணம் வழியனுப்புகிறது.

மற்றொன்று நம் நாட்டது. மாளவத்தின் தலைநகரான மாண்டுவில் சுல்தான் கியாத் ஷா காலத்தில் தொடங்கி, அவர் மகன் நாசிர் ஷா காலத்தில், 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறைவெய்திய ‘நிஅமத் நாமா’. அழகிய ஓவியங்களோடு கூடிய அதன் ஏடு இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சம்சாவும் சோறும் தாம்பூலமும் வாசனைக் கலவைகளும் அதில் ஒரே ஏட்டில் கலந்து வருகின்றன. கற்பூரம், கஸ்தூரி, பன்னீர் ஆகியவை இறைச்சிக்குள்ளும் தாராளமாகப் புகுகின்றன. அரண்மனையின் செல்வத்தையும் சுல்தானின் அடங்காத ஆவலையும் அந்நூல் காட்டுகிறது, வியக்கிறோம். ஆனால் இல்லத்துக்கு வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கது முந்தைய நூலின் ஒழுங்கே என்பது நம் கருத்து. இன்றைய பொருத்தப் பட்டியல்களோ, சுல்தானின் செல்வம் இல்லாமல் அவருடைய ஆவலை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களின் வழக்கம் எது? நிக்காஹ் வைபவத்தை எண்ணிப் பாருங்கள். வருவோர்மீது வாயிலிலேயே பன்னீர் தெளிக்கப்படுகிறது. அத்தர் தோய்த்த பஞ்சைப் பெரியவர்கள் காதுமடலில் செருகிக்கொள்கிறார்கள். சாம்பிராணிப் புகை மனையைச் சுற்றி வந்து அடங்கிவிடுகிறது. அதன் பின்னரே சஹன் வருகிறது. நெய்ச்சோற்றின் மூடி திறக்கிறது. அந்த நேரத்தில் எவரும் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடப்பதில்லை! எந்த நூலையும் படிக்காமலேயே நம் வீடுகள் காத்துவந்த இலக்கணம் இது.

ஒரே மலர் இருவேறு பணி செய்வதையும் இங்கே கூற வேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துத் தாழம்பூவை வடித்தெடுத்த நீர் ‘கேவ்ரா’ என்னும் பெயரில் பிரியாணிக்குப் போகிறது. அதே பூவின் மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கினால் அது அத்தராகி மணிக்கட்டுக்குப் போகிறது. நீர் பானைக்கு, எண்ணெய் மேனிக்கு. அத்தரில் ஒரு துளியைச் சோற்றில் விட்டால் மணக்குமே என்று எண்ணுவோர் உண்டு. அது கூடாது. இன்று கடைகளில் விற்கும் அத்தர்கள் பலவற்றில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக உண்ணத் தகாத எண்ணெய்களே அடிப்படையாக உள்ளன.

இனி மொழிக்கு வருவோம். வாசனைத் திரவியத்தைப் பற்றி எழுதுவோர் அடைமொழிகளை அடுக்குகிறார்கள். நம் சமையற் குறிப்புகளோ எளியவை. ஆனால் அவற்றில் மூக்கே கடிகாரம். ‘பச்சை வாசனை போகும் வரை வதக்குக’ என்னும் தொடரைவிடச் செறிவான தொடர் நறுமண எழுத்தில் உண்டா? நெய்யில் பட்டையும் ஏலமும் கிராம்பும் விழுந்ததும் எழும் மணம் ஒன்று. வெங்காயம் பொன்னிறமாகும்போது வருவது மற்றொன்று. இஞ்சி பூண்டு விழுதின் பச்சை மணம் மறையும் நேரம் வேறு. தேங்காய்ப்பால் கொதித்து அரிசி இறங்கியபின் ரம்பை மணம் மேலெழும் நேரம் வேறு. நெய்ச்சோறு சமைப்பவர் இவற்றை வரிசையாகக் கேட்டறிந்தே அடுப்பைக் கூட்டுகிறார், குறைக்கிறார். அவர் இயற்றுவதும் ஒரு நறுமணக் கலையே. அக்கலைஞருக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம்?

அசோக் நகருக்கு வருவோம். தூணைச் சுற்றியுள்ள சாலைகளில் தனி வீடுகள் நின்ற மனைகள் பலவற்றில் இன்று அடுக்ககங்கள் எழுந்துள்ளன. முற்றமும் கொல்லையும் போயின. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே பல வீடுகளில் கதவே இல்லை. தாளிக்கும் மணம் படிக்கட்டு வரை செல்கிறது. ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்னும் வாடகை விளம்பரமும் சென்னைக்குப் புதிதன்று. இந்தச் சூழலில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் மெல்ல நுழைகிறது. ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே மணத்தெளிப்பானை எடுத்து அறையெங்கும் அடிப்பது. விருந்தினர் வருமுன் மீன்குழம்பின் சுவடே தெரியாதபடி மறைப்பது. அங்கே வாசனைத் திரவியம் உணவுக்குத் துணையாக வரவில்லை. உணவை மறைக்கும் திரையாக வருகிறது. மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றவரின் கைத்திறன், வெட்கப்பட வேண்டிய ஒன்றாக ஆகிவிடுகிறது. ‘நாற்றம்’ என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று இழிந்துவிட்டது. நம் அடுக்களை மணத்துக்கும் அந்த நிலை வர வேண்டுமா?

அண்டை வீட்டாருக்கும் மூக்கு உண்டு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பூண்டும் வெங்காயமும் பச்சையாகத் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உண்பவர் அவற்றைச் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். உணவு இழிவானது என்பது இதன் பொருளன்று. இடமும் நேரமும் அறிய வேண்டும் என்பதே. வாடையைப் போக்கச் சொன்ன வழியும் சமையல்தான்! ஆகவே சாளரத்தைத் திறப்போம். புகைபோக்கும் விசிறியைச் சுழல விடுவோம். சமையல் முடிந்தபின் சாம்பிராணி போடுவோம். விருந்தினர் கைகழுவி எழுந்தபின் அத்தர் குப்பியை நீட்டுவோம். ரோஜா, மல்லிகை, சந்தனம் எதுவாயினும் அப்போது அது நெய்ச்சோற்றோடு போட்டியிடாது.

பிறர் அருவருப்புக்கு அஞ்சி மறைப்பது வேறு. பிறர் நலம் கருதி நடப்பது வேறு. குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. சுவரைத் தாண்டிச் செல்லும் மணத்துக்கு மறுமொழி மணத்தெளிப்பான் அன்று. வாசலைத் தாண்டிச் செல்லும் ஒரு கிண்ணமே. இறைச்சி உண்ணாதவர் வீட்டுக்குச் சேமியாப் பாயசம் போகட்டும். படிக்கட்டில் பாதி வழியில் அக்கிண்ணத்திலிருந்து எழும் ஏலக்காய் மணத்துக்கு இணையான பொருத்தம், அத்தனை பட்டியல்களிலும் இல்லை என்பதே நம் முடிவு.