கைவிடப்பட்டோரின் கடல்: ‘புயலிலே ஒரு தோணி’ – ஒரு மறுவாசிப்பு

1941 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பினாங்கிலிருந்த ஐரோப்பியக் குடிமக்களைப் பிரிட்டிஷ் நிருவாகம் இரகசியமாகக் கடல் கடத்தி வெளியேற்றியது, படையும் பின்வாங்கியது. ஆசிய மக்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் எஞ்சி நின்ற பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் இலங்கைத் தமிழரான இதழாசிரியர் எம். சரவணமுத்து.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவலை இப்பின்னணியில் வைத்து வாசித்தல் வேண்டும். மெடானிலிருந்து பினாங்கிற்குப் பாண்டியன் தொங்கானில் கடல் கடக்கும் பகுதியைச் சாகச வருணனையாகவோ மொழிச் சோதனையாகவோ மட்டும் கொள்வது போதாது. ஆண்டோர் வெளியேற அரசே கலம் அளித்தது. ஆளப்பட்டோர் தமக்குரிய கலத்தைத் தாமே தேடிக்கொண்டனர். பிரிட்டிஷாரின் பின்வாங்கலை நாவல் நேரடியாக விவரிக்கவில்லை. அதற்குப் பிந்தைய பாதுகாப்பற்ற நிலையையே புயல் உணர்த்துகிறது. சிங்காரம் அக்காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்தவர் என்பதும் இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. வணிகரும் கடைப்பணியாளரும் போர்வீரரும் நிறைந்த இந்நாவலில் தோட்டப் பாட்டாளிகள் ஓரத்திலேயே நிற்கின்றனர். கைவிடப்பட்டதன் முழுவிலையைச் சயாம் இரயில் பாதையில் செலுத்தியவர்கள் அவர்களே. ஆகவே, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலோடு இணைத்துக் கற்பிக்கும்போதே இந்நாவல் காட்டும் வரலாறு மாணவருக்கு முழுமையாகப் புலப்படும்.