பழி எப்போதும் காபரேற்றருக்கா? பழைய படகு எஞ்சின் திருத்தும் முறைகள்: ஒரு மதிப்பீடு

கரையில் ஒழுங்காக ஓடிய பழைய வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று, கண்டலம குளத்தின் நடுவில் பத்து நிமிடத்தில் இழுவை இழந்து நின்றுவிடுகிறது. உடனே காபரேற்றர் குற்றவாளியாகிறது. கரையோரத்தில் பயன்பட்ட இத்தகைய எஞ்சின்கள் மாத்தளை மாவட்டத்து நீர்த்தேக்கங்களுக்கு வரும்போது, அவற்றைத் திருத்தும் பழக்கங்களும் கூடவே வருகின்றன. அந்தப் பழக்கங்களை மூன்று அளவுகோல்களால் எடைபோடலாம். முறை காரணத்தைத் தனிமைப்படுத்துகிறதா? செய்த மாற்றத்தை மீட்டெடுக்க முடியுமா? கோளாறு திரும்பினால் இன்னொருவர் அதே வழியில் சென்று அதே முடிவை அடைய முடியுமா?

முதலில் பட்டறை மரபு. இதன் பலம் செவி. கலவை மெலிந்த எஞ்சினின் தும்மலையும், தடித்த எஞ்சினின் புகையோடு கூடிய தடுமாற்றத்தையும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கருவியில்லாமலே பிரித்தறிவார். ஆனால் கேட்டதும் கை திருகாணிக்குப் போய்விடுவது இம்மரபின் பலவீனம். பழைய ஜோன்சன், எவின்றூட் மாதிரிகள் பலவற்றில் மெதுவோட்ட ஊசிக்கும் வேகவோட்ட ஊசிக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. மெதுவோட்ட ஊசியை மெல்ல மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குவது வழக்கம். பழைய நிலையைக் குறித்துக்கொள்ளாமல் திருகினால் முதற்சான்றே அழிந்துபோகிறது. ஆபத்து அதைவிடப் பெரியது. இரண்டு வீச்சு எஞ்சினுக்கு மசகெண்ணெய் எரிபொருளோடுதான் வந்து சேர்கிறது. ஓட்டம் சீராகத் தெரிகிறதே என்று கலவையை மெலிய விட்டால் எண்ணெயும் குறைகிறது, பிஸ்டனில் கீறல் விழுகிறது. செவிக்கு இனித்த திருத்தம் எஞ்சினின் ஆயுளைத் தின்றுவிடும்.

இரண்டாவது, கழற்றிக் கழுவும் முறை. இதற்கு இலங்கையில் வலுவான நியாயம் உண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டைப் போன்ற காலங்களில் எஞ்சின்கள் மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கின்றன. மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெற்றோல் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசினாக ஜெட் துளையில் படிகிறது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வட்டமாகத் தெரிய வேண்டிய துளை பிறைபோலத் தெரியும். அந்த நிலையில் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அதே கை கம்பியை விட்டுத் துளையைக் குடையும்போது அளவு பெருத்து, ஜெட் பயனற்றதாகிறது. மிதவையின் மட்டத்தைப் பார்க்காமல் மூடிவிடுவது இன்னொரு பொதுக் குறை. உடலைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும்; இந்த எளிய சோதனைகூடப் பெரும்பாலும் நடப்பதில்லை. கழுவியபின் எஞ்சின் ஓடினாலும், பிசின் நீங்கியதாலா, கழற்றிப் பூட்டும்போது காற்றுக் கசிவு அடைபட்டதாலா என்பது தெரியாது. முதல் அளவுகோலில் இம்முறை தோற்கிறது.

மூன்றாவது, உற்பத்தியாளர் கைநூல் மரபு. அமுக்கம், தீப்பொறி, எரிபொருள் என்ற அதன் வரிசை இத்துறையின் மிகச் சிறந்த சாதனை. வெடித்த மின்சுருள் சூடானதும் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும். அதன் அறிகுறி எரிபொருள் கோளாற்றை அச்சாக ஒத்திருக்கும். தீப்பொறியை முதலில் விசாரிக்காதவர் காபரேற்றரைப் பலமுறை வீணாகக் கழற்றுவார். ஆனால் கைநூல், எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று கருதுகிறது. பல கை மாறிய ஊசிகள், வெட்டி ஒட்டிய குழாய்கள், மண்ணெண்ணெய்க் கலப்பு ஆகியவற்றைப் பற்றி அது பேசுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் சோதனையே என் மதிப்பீட்டில் உயர்ந்தது. எஞ்சின் தளரத் தொடங்கும் கணத்தில், தாங்கிக் குழாயிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்த வேண்டும். உடனே இழுவை திரும்பினால் குறை காபரேற்றருக்கு முன்னால் இருக்கிறது: மூடிய காற்றுத் திருகு, கசியும் இணைப்பு, கிழிந்த பம்ப் சவ்வு. குமிழ் சப்பிப் போயிருந்தால் அடைப்பு தாங்கிப் பக்கம். அழுத்தியும் மாற்றமில்லையென்றால் சோக்கைச் சற்று இழுக்கலாம். ஓட்டம் தேறினால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட்டும் காபரேற்றர் அடிக் கேஸ்கட்டும் இப்போதுதான் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. மோசமானால் கலவை தடித்திருக்கிறது; இரண்டுமில்லையென்றால் பிளக்குக்குத் திரும்ப வேண்டும். ஒரு பாகமும் கழற்றப்படவில்லை, ஒரு திருகும் நகரவில்லை. இதற்கும் எல்லை உண்டு. 1950களின் ஜோன்சன், எவின்றூட் எஞ்சின்களின் இரட்டைக் குழாய் அழுத்தத் தாங்கிகளில் குமிழே கிடையாது; அங்கே தாங்கி மூடியின் கேஸ்கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாங்கியிலிருந்து தானாக வழிந்து வரும் பிரிட்டிஷ் சீகல் போன்றவற்றில் குழாயைக் கழற்றி ஒழுக்கைக் கண்ணால் பார்ப்பதே வழி.

மண்ணெண்ணெய் எஞ்சின்களைத் தனியே மதிப்பிட வேண்டும். பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வருவது கடற்றொழிலாளர் பின்பற்றும் ஒழுங்கு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் இதன் ஏரணம் குறையற்றது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது அதன் மலிவு பெரிதும் கரைந்தது. பெற்றோலுக்கென அமைந்த பழைய எஞ்சினில் மிச்சத்துக்காக மண்ணெண்ணெய் கலப்பதை ஆதரிக்க எந்த வாதமும் இல்லை. கலந்தவருக்குக் காபரேற்றரைக் குறைகூற உரிமையும் இல்லை.

எஞ்சின் தளர்வுக்கு மாத்தளைக்குரிய இரு விளக்கங்களில் ஒன்று பொய், மற்றது கவனிக்கப்படாத மெய். மலைநாட்டுக் காற்று மெல்லியது, அதனால் ஜெட்டை மாற்ற வேண்டும் என்பது பொய். உயரம் நூறு மீற்றர் கூடினால் காற்றடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதமே குறையும்; தம்புள்ளைச் சமவெளியின் குளங்களில் அந்த வேறுபாடு எஞ்சினின் ஓட்டத்தில் தெரியாத அளவு சிறியது. நீர்க்களை மெய்யான காரணம். அது விசிறியில் சுற்றினால் சுமை கூடி இழுவை குறையும். குளிர்நீர் வாயை அடைத்தால் எஞ்சின் சூடேறித் தளரும். நீர்க்களையைப் பார்க்கும் சோதனை குளத்தில் முதலாவதாக வர வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கேட்டறியப் பட்டறையின் செவியும், வரிசைக்குக் கைநூலும் போதுமானவை. இரண்டுக்கும் நடுவே குமிழ்–சோக் சோதனை கட்டாயம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதி வைப்பவருக்கே காபரேற்றரைத் திறக்கும் தகுதி உண்டு. சோதனையில்லாமல் திருகுவது, அன்று எஞ்சினை ஓடவைத்தாலும், திருத்த வேலை என்ற பெயருக்கு உரியதல்ல.