படமும் குறிப்பும்: விண்கலப் புகைப்படங்களை வாசித்தல் பற்றி ஒரு நோக்கு

நெப்ரியூன் ஆழ்ந்த நீல நிறங்கொண்ட கோள் என்பது பாடநூல்கள் வாயிலாகவும் சுவர்ப்படங்கள் வாயிலாகவும் ஒரு தலைமுறையினரின் மனத்திற் பதிந்துவிட்ட செய்தியாகும். 1989 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அக்கோளைக் கடந்து சென்ற வொயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களே இதற்கு ஆதாரமாயமைந்தன. எனினும், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக் ஏர்வின் தலைமையில் 2024 இல் வெளியான ஆய்வு, நெப்ரியூனின் நிறம் யுரேனஸின் நிறத்தைப் பெரிதும் ஒத்த, பசுமை கலந்த வெளிர்நீலமே எனக் காட்டியது. அவ்வாறாயின் வொயேஜரின் படம் பொய்யுரைத்ததா? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது, விண்கலப் புகைப்படம் என்பது யாது, அதனை வாசிப்பது எவ்வாறு என்னும் அடிப்படைப் பிரச்சினைகள் தலைதூக்குகின்றன.

விண்கலப் படம், கண் கண்ட காட்சியின் நேர்ப்பதிவு அன்று. 1959 ஒக்டோபரில் சோவியத் விண்கலமான லூனா 3, மனிதர் அதுகாறும் கண்டிராத சந்திரனின் மறுபக்கத்தைப் படமெடுத்தது. அப்படச்சுருள் கலத்தினுள்ளேயே கழுவி உலர்த்தப்பட்டு, ஒளிக்கற்றையால் வரிவரியாகத் துருவப்பட்டு, வானொலிச் சமிக்ஞைகளாகப் புவிக்கு அனுப்பப்பட்டது. 1965 யூலையில் செவ்வாயை அணுகிய மரினர் 4 அனுப்பியவையோ எண்கள். ஒரு படத்திற்கு 200 வரிகள். வரிக்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவையும் குறிக்க 64 படிநிலைகள். அத்தகைய ஒரு படம் முழுமையாக வந்துசேர ஏறத்தாழ எட்டு மணித்தியாலங்கள் பிடித்தன. கணனி படத்தை அமைத்து முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையற்ற பொறியியலாளர் சிலர், எண்கள் அச்சிடப்பட்ட தாள்களைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கேற்ற நிறத்தை வண்ணக் கட்டிகளால் தீட்டினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. செவ்வாயை அண்மையிற் சென்று எடுத்த முதற் படம் இவ்வாறு கையால் தீட்டப்பெற்ற ஓவியமாகவே உருப்பெற்றது. அதில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை முடிவு செய்தவர் மனிதரே.

நிறம் பற்றிய பிரச்சினையின் மூலமும் இதுவே. வொயேஜரின் கமராக்கள் நிறவடிகளினூடாகத் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தன. பின்னர் புவியிலேயே அவை ஒன்றிணைக்கப்பட்டன. நெப்ரியூனின் முகிற்கூட்டங்களும் பட்டைகளும் மங்கலாயிருந்தமையால், அவற்றைத் தெளிவுறக் காட்டும் பொருட்டு நிறவேறுபாடு மிகைப்படுத்தப்பட்டது. இது மறைவாகச் செய்யப்பட்டதன்று. அக்காலப் படக்குறிப்புகள் இதனை வெளிப்படையாகவே கூறின. ஆயின், படம் நூலிலிருந்து நூலுக்கும் சஞ்சிகையிலிருந்து சஞ்சிகைக்கும் சென்றபோது குறிப்பு உதிர்ந்தது. நீலம் மட்டும் எஞ்சியது. கொளுச் சிதைந்த புறப்பாட்டைப் படிப்போன் தன் ஊகத்தையே சூழலாகக் கொள்ளுமாறு போல, குறிப்பிழந்த படத்தைக் கண்டோர் அதனை இயற்கைத் தோற்றமெனக் கொண்டனர். பிழை படத்தில் இல்லை. படமும் குறிப்பும் பிரிந்தமையிலேயே உள்ளது.

இதே பிரிவு இன்னும் விபரீதமான விளைவுக்கு வழிகோலியதை 1976 இல் காணலாம். அவ்வாண்டு யூலை 25 ஆம் திகதி, வைக்கிங் 1 இன் சுற்றுக்கலம் செவ்வாயின் சிடோனியாப் பகுதியில் மனித முகத்தை ஒத்த ஒரு குன்றைப் படமெடுத்தது. சில நாள்களின் பின் அதனை வெளியிட்ட நாசா நிறுவனம், கண், மூக்கு, வாய் போன்றவை நிழலால் விளையும் மயக்கமே என அப்போதே தெளிவுறுத்தியது. எனினும், குறிப்பு மறக்கப்பட்டு முகம் மட்டுமே நிலைத்தது. அழிந்துபோன நாகரிகமொன்றின் சின்னம் அதுவென நூல்கள் எழுந்தன. 1998 இலும் 2001 இலும் மார்ஸ் குளோபல் சேர்வேயர் கலம் பன்மடங்கு நுணுக்கமாக எடுத்த படங்கள், அது அரித்துத் தேய்ந்த ஒரு மேட்டுநிலமே என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின.

குறிப்பை மறப்பது பொதுமக்களின் குறைபாடு மட்டுமே எனக் கொள்ளுதல் நியாயமாகாது. மரினர் 4 இன் படங்கள் செவ்வாயின் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கையே காட்டின. அவற்றில் தென்பட்ட பள்ளங்களைக் கொண்டு, செவ்வாய் சந்திரனைப் போன்ற உயிரற்ற பழம் நிலமென அறிஞர் பலரும் முடிவு கட்டினர். 1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, புழுதிப்புயல் அடங்கிய பின்னர் மாபெரும் எரிமலைகளையும், ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் நீண்ட பள்ளத்தாக்கையும், நீர் ஓடியமைக்கான தடங்களையும் காட்டியபோது அம்முடிவு தகர்ந்தது. முன்னைய படங்கள் காட்டியன யாவும் உண்மையே; பகுதியை முழுமையெனக் கொண்டமையே தவறு.

நல்வாசிப்புக்குச் சான்றாக வியாழனின் துணைக்கோளான அயோவின் படமொன்றைச் சுட்டலாம். 1979 மார்ச் மாதத்தில், வொயேஜர் 1 இன் வழிநடத்தற் பிரிவிற் பணியாற்றிய லிண்டா மொறாபிற்றோ, பின்னணியில் மங்கலான விண்மீன்களைத் தேடும் பொருட்டு, ஒளி மிகுதியாகப் பதிந்த ஒரு படத்தை ஆராய்ந்தார். அயோவின் விளிம்புக்கு அப்பால் குடைபோன்ற ஒளிவடிவொன்று தென்பட்டது. கமராவின் குறையோ, பிறிதொரு துணைக்கோளோ எனச் சகபாடிகளுடன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே, அஃது எரிமலை கக்கிய முகில் என்னும் முடிவு எட்டப்பட்டது. வியாழனின் ஈர்ப்பினால் அயோவின் உட்பகுதி உருகியிருத்தல் வேண்டுமென மூன்று அறிஞர் சில நாள்களுக்கு முன்னரே எழுதியிருந்தமையும் அதற்கு அரண் செய்தது. புவிக்கு வெளியே இயங்கும் எரிமலை முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே. அழகிய படமொன்று அளிக்காத உண்மையை, ஐயத்தோடும் பொறுமையோடும் வாசிக்கப்பட்ட அழகற்ற படம் அளித்தது.

விண்கலப் படங்கள் குறித்து இன்று இரு அதீத நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. படம் பொய் சொல்லாது என்பது ஒன்று. நிறமூட்டப்பட்டவை யாதலின் யாவும் புனைவே என்பது மற்றையது. இரண்டும் வாசிக்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்கான வழிகளே. நெப்ரியூனின் வெளிறிய நிறம் வெளிப்பட்டமை வொயேஜரின் தோல்வியன்று. பழைய படங்களின் எண்கள் பேணப்பட்டமையாலும், அவை பதப்படுத்தப்பட்ட முறை பதிவாகியிருந்தமையாலுமே, ஹபிள் தொலைகாட்டி முதலியவற்றின் அளவீடுகளோடு ஒப்பிட்டு அவற்றைத் திருத்துதல் இயல்வதாயிற்று. திருத்தத்துக்கு இடந்தரும் சான்றே சான்று. அவ்விடத்தைக் காத்து நிற்பது படத்தின் அடியிற் சிறிய எழுத்தில் வரும் குறிப்பேயாகலின், படத்தைப் பிரதிசெய்வோர் எவராயினும், ஆசிரியராயினும் மாணவராயினும், அக்குறிப்பையும் உடன் கொண்டுசெல்லுதல் அறிவுலகக் கடமையாகும்.