வீட்டுக்குள் அகப்பட்ட ஜன்னல்

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கியவர்கள் பலரும் சந்திக்கும் விசித்திரம் ஒன்று உண்டு: கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே, வெளியுலகத்தையே காட்டாத ஜன்னல். பல்கலைக்கழகம் அருகில் வந்தபின் வளர்ந்த ஊர் இது. முதலில் இரண்டு அறை. பணம் சேர்ந்தபோது பின்பக்கம் இன்னொன்று. அப்படி ஒட்டிக் கட்டியதில் வெளிச்சுவர் உட்சுவரானது. மழை காணாத சன்ஷேடு, பித்தளை அண்டாவும் பழைய சூட்கேஸும் ஏறிய பரணானது.

இந்த ஜன்னலை எடுக்கும் வேலையை வேகத்தையும் கூலியையும் வைத்தே நாம் மதிப்பிடுகிறோம். அளவுகோலே பிழை. எவ்வளவு விரைவில் எடுத்தார்கள் என்பதல்ல, எடுத்தபின் நிற்கும் சுவர் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

முதல் முறை சம்மட்டி. அதற்குரிய பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் வேலை முடியும், கூலி குறைவு. ஒன்பது அங்குலச் சுவரில், இருபுறமும் ஆறு அங்குலம் ஊன்றிய கான்கிரீட் லிண்டல் இருந்தால் பெரும்பாலும் விபரீதம் ஏதும் நடப்பதில்லை. ஆனால் அந்த வெற்றி லிண்டலுடையது. சம்மட்டி அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. சன்ஷேடு வரும்போது கடன் வெளிப்பட்டுவிடும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், சராசரி இரண்டரை அங்குலக் கனம் என்றால் அதன் எடை 170 கிலோவுக்கு மேல். அது லிண்டலோடு சேர்த்து வார்க்கப்பட்டது. அதில் விழும் ஒவ்வோர் அடியும் லிண்டலுக்கும் போகும். சன்ஷேடு கவிழாமல் நிற்பதற்கு லிண்டலின் மேலுள்ள சுவரின் பாரமும் ஒரு காரணம். கூடத்தை அகலமாக்கும் ஆசையில் அந்தச் சுவரை முதலில் இடிப்பவர், தன் தலைக்கு மேலுள்ள பலகையின் பிடியைத் தானே தளர்த்துகிறார்.

இரண்டாம் முறை பிரித்தெடுப்பது. கதவுகளும் கண்ணாடியும் முதலில் இறங்கும். சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்து, வெளிவிளிம்பிலிருந்து சுவரை நோக்கித் துண்டு துண்டாக வெட்டுவார்கள்; லிண்டலின் அடிக்கம்பியில் மெஷின் படாது. பிறகு ஜன்னல் கம்பிகள். அதன்பின் மேல்கட்டையையும் கீழ்க்கட்டையையும் நடுவில் அறுத்து உட்புறமாக நெம்பினால், சுவருக்குள் புதைந்த முனைகள் செங்கல்லைப் பெயர்க்காமல் வந்துவிடும். படிக்குப் படி காரணம் உள்ள முறை இது. குறையும் உண்டு: ஆசாரியும் கொத்தனாரும் சேர்ந்து வேண்டும், நாளும் கூடும். மரத்தின் மீதான பாசம் சில நேரம் முறையையே கெடுக்கிறது. நிலையை முழுசாக மீட்கிறேன் என்று சுவரைத் தோண்டுகிறார்கள். தேக்காக இருந்தால் காரைக்குடி பழம்பொருள் கடைகள் வரை அதற்கு மதிப்புண்டு; கரையான் பாதி தின்ற நாட்டு மரத்துக்காகச் சுவரைப் புண்ணாக்குவது மதிகேடு.

இரு முறைகளும் ஒருசேரக் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. மிகப் பழைய வீடுகளில் லிண்டலே இராது. ஜன்னலின் மேல்கட்டையே சுவரைத் தாங்கும். அதை அறுத்தால் மேலே உள்ள செங்கல் இறங்கும். அங்கே முட்டும் புது லிண்டலும் பற்றிப் பொறியாளர் சொன்ன பிறகே ரம்பம். இன்னொன்று பெயின்ட். கட்டையைச் சுரண்டினால் பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் காவி என்று வீட்டின் வயது தெரியும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்தப் பழைய அடுக்குகளை உலர்வாகத் தேய்ப்பதும் தீயால் பொசுக்குவதும், குழந்தை உள்ள வீட்டில் மன்னிக்க முடியாத பிழை. நனைத்துச் சுரண்டி, தூளை அள்ளிக் கட்டிவிட வேண்டும். ஜன்னலை ஒட்டிய ஸ்விட்சுக்கு ஒயர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, மெயினை அணைப்பதும் இதே கணக்கில் சேரும்.

முறை சரியாக இருந்தாலும் முடிவு தவறாகலாம். பின்னறைக்கு வேறு ஜன்னல் இல்லையென்றால் அந்த அறை மூச்சு விடுவதே இதன் வழியாகத்தான். அதை அடைத்துப் பூசுவது, மதுரைச் சித்திரை வெயிலில், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் தோல்வியே. வாசலாக மாற்றுவது மேல். லிண்டல் உள்ள ஜன்னலில், அதே அகலத்துக்குள் கீழ்ச்சுவரை வெட்டி இறக்கினால் லிண்டலின் ஊன்றுதல் கெடாது. ஒரு பக்கம் அகலப்படுத்தினாலும் கெடும்.

தீர்ப்பு பிரித்தெடுக்கும் முறைக்கே, பாசத்தைக் கழித்துக்கொண்டு. சம்மட்டிக்கும் இடம் உண்டு: எல்லாம் இறங்கிய பின், கீழ்க்கட்டைக்கு அடியில் உள்ள செங்கல்லில் மட்டும். கூலி பேசுமுன் லிண்டலின் இரு முனைகளிலும் பூச்சைக் கொத்தி, ஊன்றுதலை அளந்து காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.