எச்சரிக்கையும் கதையும்: சமூக ஊடகக் காலத்தில் மக்கள் தொடர்பு மொழி

1. முன்னுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றை ஒட்டி அமைந்த ஊர் அமரவிளை. தமிழில் ஐகார ஈறாகவும் மலையாளத்தில் ‘அமரவிள’ என அகர ஈறாகவும் வழங்கும் இப்பெயர், இரு மொழிகளின் ஒலியுறவுக்கு நல்ல சான்றாகும். 1956 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கேரளத்திலும் விளவங்கோட்டைச் சென்னை மாநிலத்திலும் வைத்தது. எனினும் கடலோரத்தில் இப்பால் உள்ள பொழியூர் மீனவர்க்கும் அப்பால் உள்ள வள்ளவிளை மீனவர்க்கும் கடல் ஒன்றே. 2017இல் இக்கரைகளைத் தாக்கிய ஒக்கிப் புயலையும் 2018இல் நேர்ந்த கேரள வெள்ளத்தையும் சான்றாகக் கொண்டு, அரசின் மக்கள் தொடர்பு மொழியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எச்சரிக்கையின் மொழி

2017 நவம்பர் 29இல் இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயலாக வலுப்பெற்றது. நூற்றுக்கணக்கான மீனவர் கடலில் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். கடலுக்குச் செல்ல வேண்டா என முன்னரே அறிவுறுத்தியதாக வானிலைத் துறை கூறியது. புயல் என்னும் அறிவிப்பு 30ஆம் நாள் நண்பகலில்தான் கிடைத்தது எனக் கேரள அரசு கூறியது. எவர் கூற்று சரி என்பது நிருவாகம் சார்ந்த வினா. கிடைத்த சொற்கள் எதனை உணர்த்தின என்பதே மொழியியலார் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

துறை வழக்கில், மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வேகக் காற்றுடையது ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’. 50 முதல் 61 கி.மீ. வரை ‘ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’, 62 கி.மீ.யை எட்டிய பின்னரே ‘புயல்’. அறிவியல் நோக்கில் இப்பாகுபாட்டில் பிழையில்லை. ஆனால் பொது வழக்கில் ‘தாழ்வு’ என்பது குறைவைச் சுட்டும் சொல். காற்று வலுக்க வலுக்க, அதனைக் குறிக்கும் தொடரோ மேலும் ‘ஆழ்ந்து தாழ்கிறது’. மலையாளத்து ‘நியூனமர்த்தம்’ என்பதன் நிலையும் இதுவே. நியூனம் எனினும் குறைவுதான். கேட்டவுடன் அச்சம் விளைக்கும் ‘புயல்’, ‘சுழலிக்காற்று’ என்னும் சொற்கள் இறுதிப் படியிலேயே வருகின்றன. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எனக் காற்றைத் திசைவழிப் பெயரிட்டு அறிந்த கடலோர மக்களின் சொல்வளத்துக்கு அறிக்கைத் தமிழில் இடமில்லை.

ஒரு கூற்றின் பொருளையும் நோக்கத்தையும் கேட்போர் உணர்ந்தாலன்றி அக்கூற்றுச் செயல் நிறைவுறாது என்பது ஆஸ்டின் கருத்து. இவ்வகையில் நோக்கின், அனுப்பப்பட்டும் எச்சரிக்கையாக உணரப்படாத அறிக்கை எச்சரிக்கை ஆவதில்லை எனலாம்.

3. கதையின் மொழி

2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் மக்களை மீட்டனர். முதலமைச்சர் பினராயி விஜயன் மீனவரைக் கேரளத்தின் படை எனப் பாராட்டினார். அத்தொடரும், மலப்புறம் மாவட்டத்தில் படகில் ஏறுவோர்க்குத் தம் முதுகையே படியாக்கிய மீனவரின் காட்சியும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் விரைந்து பரவின. இக்கதையில் கலைச்சொல் இல்லை. செய்தவர் யார், செய்தது என்ன என்பன தெளிவாக உள்ளன. பகிரும் ஒவ்வொருவரும் தாமே கதைசொல்லி ஆகின்றனர். முல்லைப் பெரியாறு அணை உடைந்தது என்று அதே நாட்களில் குரல்பதிவாகப் பரவிய வதந்திக்கும் பேச்சு மொழியே வலுவளித்தது.

பாராட்டு உண்மையானது, பெற்றவர் அதற்குத் தகுதியுடையோர். ஆயினும் ‘படை’ என்னும் உருவகம் ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்கிறது. ஒன்பது திங்களுக்கு முன் உற்றாரை இழந்த கடற்கரைகளும் அப்படையில் அடங்கும் என்பது அக்கதையில் இடம்பெறவில்லை. மீனவரைப் புகழ்வதற்கு எளிய மொழி கிட்டியது. அவர்களை எச்சரிப்பதற்கு அது கிட்டவில்லை.

4. இரு தடைகள்

இதற்குத் தூய சொல்லாக்கம் மட்டுமே தீர்வாகாது. 2018இல் ‘ரெட் அலர்ட்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் கேரள மக்கள் எளிதில் ஏற்றனர். வரிசையில் அதன் இடமும் அதனைக் கேட்டால் செய்ய வேண்டுவதும் தெளிவாக இருந்தமையே அதற்குக் காரணம் எனலாம். மேலும், ஒக்கியின்போது பலர் பன்னாள் தொழிலுக்காக ஆழ்கடலில் இருந்தனர். கைப்பேசி அலை எட்டாத இடத்தில் எளிய சொல்லும் பயன் தராது. அதன்பின் வழங்கப்பட்ட நாவிக் செயற்கைக்கோள்வழிக் கருவிகள் இக்குறையைக் களையும் முயற்சியாகும். கருவி சென்று சேரும் இடத்திலேனும் சொல்லும் சென்று சேர வேண்டும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, செய்தியில் வினை முற்பட வேண்டும்: ‘கடலுக்குப் போகாதீர்கள்; போயிருப்போர் அருகிலுள்ள கரைக்குத் திரும்புங்கள்’ என்பதன் பின்னரே கலைச்சொல் வரலாம். இரண்டாவது, எல்லைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் ஒரே அறிவிப்பில் இணையாக அமைய வேண்டும். மூன்றாவது, கலைச்சொற்களை அகராதியில் சேர்க்குமுன் அவற்றைப் பயன்படுத்துவோரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘தாழ்வு மண்டலம்’ என்ற தொடரைப் பொழியூரிலோ வள்ளவிளையிலோ ஒரு மீனவரிடம் சொல்லி, ‘என்ன விளங்கிற்று?’ எனக் கேட்டிருந்தால் அதன் குறை அன்றே புலப்பட்டிருக்கும். இக்குறையில் சொல்லாக்கக் குழுக்களுக்கும் மொழியியலாராகிய நமக்கும் பங்குண்டு.